மச்சானின் புதன்கிழமைகள்

முதல் நாளே நான் ஒரு கேள்வியை மாற்றிச் சொன்னேன். தெரியாமல் நடந்த பிழையல்ல. வேண்டுமென்றுதான் செய்தேன்.

கண்டி நகரின் நடுவில், புடவைக் கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில், பழைய கட்டடத்தின் மாடியில் அந்த ஆலோசனை நிலையம் இருந்தது. அறைக்குள் மூன்று கதிரைகள், ஒரு மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கடையின் தகரக் கூரை. ஒரு கதிரையில் ஆலோசகர், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். எதிரே என் அக்காவின் கணவர். இருவருக்கும் நடுவில் நான், மொழிபெயர்ப்பதற்காக.

மச்சானுக்குச் சிங்களம் தெரியாது என்றில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். பெற்றோல் செட்டிலும் கராஜிலும் பொலிஸ் மறித்த இடத்திலும் சிங்களம் பேசுவார். அதெல்லாம் நின்றபடி பேசும் சிங்களம். உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசுமளவுக்கு அவரிடம் சிங்களம் இல்லை, ஆலோசகரிடம் தமிழ் இல்லை. அதனால் அக்கா எனக்கு போன் எடுத்தாள்.

"தம்பி, நீதான பேப்பர்ல சிங்களத்தத் தமிழாக்குறவன். இதையும் செஞ்சு குடு."

அவள் சொன்னது சரி. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உப ஆசிரியராக இருந்த வருடங்களில் என் வேலையில் பாதி அதுதான். சிங்களத்தில் வரும் அறிக்கைகளைத் தமிழாக்குவேன், முக்கால் பங்கை வெட்டுவேன், மிச்சத்தை அச்சுக்கு அனுப்புவேன். இப்போது மஹய்யாவையில், எங்கள் பழைய வீட்டிலிருந்து கண்டிச் செய்திகளை எழுதி அனுப்புகிறேன். வெட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆலோசகரின் முதல் கேள்வி இது: "குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன?"

எனக்கு எரிச்சல் வந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு முன், காலை பத்தரை மணிக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் மச்சான் லொறியைப் பின்னால் எடுத்திருக்கிறார். கை நடுக்கம் நிற்பதற்காகக் காலையிலேயே கால் போத்தல் இறக்கியிருந்தார். பின்சக்கரம் பாதையோர வடிகானுக்குள் போய், லொறி சரிந்து, மடுவத்தின் முன்தூணை உடைத்தது. ஒரு நிமிடத்துக்கு முன்வரை அந்தத் தூணில் இரண்டு பெண்கள் சாய்ந்து நின்றிருந்தார்கள். அவர்களுடைய முறை வந்து நிறுக்கக் கூப்பிட்டதால் உள்ளே போயிருந்தார்கள். உயிர் தப்பியது அப்படித்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை லொறிச் சாவியை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் தவணை. குடியை விட்டு வந்தால் சாவி, இல்லாவிட்டால் பெயர் வெட்டு, வேலை போய்விடும். மச்சானுக்கு ஐம்பத்தொரு வயது. லொறியைத் தவிர வேறு வேலை தெரியாது.

அப்படிப்பட்ட ஆளிடம் போய், குடியில் என்ன பிடிக்கும் என்று கேட்பதா? நான் மச்சான் பக்கம் திரும்பி, "ஏன் குடிக்கிறீங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "என்னத்தச் சொல்றது. கெட்ட பழக்கந்தான். விட்டுர்றேன்னு சொல்லு."

சொன்னேன். ஆலோசகர் என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டதற்கு இந்தப் பதில் வராதே. நீங்கள் என்ன கேட்டீர்கள்?"

பொய் சொல்ல முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. "என் கேள்வி முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் அதையே கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். மச்சான் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"புடிச்சதா? நெசமாவா கேக்குது இந்த மிஸ்?"

"நெசமாத்தான்."

மச்சான் கதிரையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவர் பேசத் தொடங்கினார்.

"கடைசி லோட எறக்கிட்டு வாறப்ப முதுகெல்லாம் இரும்பாட்டம் இருக்கும். மொத கிளாஸ் உள்ள போனா அது எளகும். அது புடிக்கும். பொறகு... பொறகு ஒன்னும் புடிக்கல. மத்த கிளாஸெல்லாம் சும்மா. ருசிகூடத் தெரியாது. காலைல கை ஆடும், அது நிக்க ஒரு வாய் ஊத்துறது. எங்கப்பா மாதிரி ஆயிருவமோன்னு... அது கெடக்கட்டும். மொத கிளாஸ்தான்."

நான் சிங்களத்தில் சொன்னது: "வேலைக் களைப்புக்காகக் குடிக்கிறார்."

ஆலோசகர் பேனையைக் கீழே வைத்தார். "அவர் ஒரு நிமிடம் பேசினார். நீங்கள் எனக்கு ஒரு வரி தந்தீர்கள். மிச்சம் எங்கே?"

"மிச்சத்தில் விஷயம் இல்லை."

"மிச்சம்தான் எனக்கு வேண்டும். அவர் இழுத்தது, நிறுத்தியது, முடிக்காமல் விட்டது, எல்லாம்."

இதைப் புரிந்துகொள்ள மச்சானின் கராஜ் சிங்களம் போதுமாயிருந்தது. "என்னய்யா, வாங்கிக் கட்டிக்கிட்டயா?" என்று சிரித்தார். சாவி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றித் தொடங்கி விட்ட இடத்தையும் சேர்த்தேன். அதைத் துருவிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை. மச்சானைப் பார்த்து, "முதல் கிளாஸ் பிடிக்கும். மற்றதெல்லாம் சும்மா" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

நான் தமிழில் சொன்னதும் மச்சான் மெதுவாகத் தலையாட்டினார்.

"ஆமா. சும்மாதான். அந்தச் சும்மாவுக்குத்தான் சாவி போச்சு."

மது ஒழிப்புக் கூட்டங்கள் எத்தனையோ பற்றிச் செய்தி எழுதியிருக்கிறேன். மேடையில் ஒருவர் குடியின் கேடுகளை அடுக்குவார், முன்வரிசை கைதட்டும், தலைமையுரையில் ஒரு பந்தியும் நன்றியுரையில் ஒரு வரியும் எடுத்துக்கொள்வேன். குடிக்கிற ஒருவர் தன் வாயால், யாரும் தூண்டாமல், தன் நட்டத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

எழும்பும்போது மச்சான் தன் காரியத்துக்கு வந்தார். "மிஸ், ஒரு கடிதம் குடுங்க. தொரைக்குக் காட்டணும்."

"நீங்கள் வந்ததாக எழுதலாம். விட்டுவிட்டதாக எழுத முடியாது. அது எனக்குத் தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத்தான்."

அவர் கடிதம் தரவில்லை, ஆஸ்பத்திரி டொக்டருக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். கை ஆடுமளவுக்குக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாமாம். டொக்டர் பார்த்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் விட்டமினும் கொடுத்து, அவற்றை அக்கா கையால் மட்டும் கொடுக்கச் சொன்னார். நடுக்கம் கூடினாலோ பேச்சுப் புரண்டாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் மச்சான் குடியை நிறுத்தினார்.

அடுத்த புதன்கிழமை மச்சான் தானாகவே அப்பாவைப் பற்றிய பேச்சுக்கு வந்தார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர், மாலையில் கள்ளுத் தவறணைக்குப் போனால் யாராவது தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். "அப்பா போறப்ப அம்பத்திரெண்டு" என்றார் மச்சான். அதற்குப் பிறகு தன் வயதை அவர் சொல்லவில்லை. ஆலோசகர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று அவர் ஒரு கடதாசியில் கோடு கிழித்து, பூச்சியத்திலிருந்து பத்து வரை இலக்கமிட்டார். குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டார். மச்சான் ஏழில் விரலை வைத்தார்.

"ஏன் மூன்றில் வைக்கவில்லை?"

ஆலோசகர் தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். ஏழு என்றால் ஏன் பத்தில்லை என்றல்லவா கேட்க வேண்டும்? ஆனாலும் பாடம் படித்திருந்தேன். கேட்டதையே கேட்டேன்.

"மூனா? மூனு எப்படி வரும்?" மச்சானுக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. "அந்த ரெண்டு புள்ளைகளும் எம்மக வயசு. தூணு அவங்க மேல விழுந்திருக்கணும். அதுல ஒருத்தி இன்னமும் என்னக் கண்டா, மாமா டீ குடிங்கன்னு குடுக்குறா. குடுக்காம இருந்தாத் தேவல. வாங்கிக் குடிக்க முடியல, வேணாங்கவும் முடியல. மூனுல வைக்க நான் என்ன மிருகமா?"

திரும்பும் வழியில் கணக்கு எனக்குப் புரிந்தது. ஏன் பத்தில்லை என்று கேட்டிருந்தால் மச்சான் சாக்குகளை அடுக்கியிருப்பார். ஏன் மூன்றில்லை என்று கேட்டதால் விடவேண்டிய காரணங்களை அவரே அடுக்கினார். இருபது வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் கேட்ட கேள்விகளெல்லாம் பதில் சொல்பவரை மூலைக்குத் தள்ளத்தான்.

விட முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டதற்கு மச்சான் இரண்டில் விரலை வைத்தார். ஏன் பூச்சியம் இல்லை என்றதும், "சீரோன்னா இவ்வளவு தூரம் பஸ்ல தொங்கிக்கிட்டு ஏன் வாறேன்?" என்று கேட்டார். ஆலோசகருக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துப் போனது.

மூன்றாவது புதன் முடிந்த கையோடு நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். நாங்கள் என்றால் அக்காவும் நானும்.

மச்சான் குடிக்காமல் பன்னிரண்டு நாளாகியிருந்தது. அக்கா போனில், "தம்பி, இப்பவே கட்டிப் போட்டுரணும். வெள்ளிக்கெழம கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ண வைக்கிறேன். நீயும் வா" என்றாள். தோட்டங்களில் இது வழமை. களவு போனாலும், இரண்டு வீட்டுக்குள் வழக்கு வந்தாலும், ஒருவன் குடித்தாலும் கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். மச்சான் ஏற்கெனவே இரண்டு தடவை செய்தவர். ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு செய்திக்கு முடிவு வரி வேண்டும் என்று தேடுகிற புத்தி எனக்கு. கற்பூரம் நல்ல முடிவு வரியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். பூசாரி வாழையிலைத் துண்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டாம் என்றிருந்தது. அதைப் பார்த்தும் நான் பேசாமல் நின்றேன். அவர் உள்ளங்கையால் நெருப்பை அடித்தார். "இனிமே தொட்டா சாமி என்னக் கேக்கட்டும்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மூனாவது தடவ. சாமிக்கே மனப்பாடம்."

சிலர் சிரித்தார்கள். அக்கா திரும்பி முறைத்தாள். மச்சான் கையில் ஒட்டிய கரியைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு நடந்துபோனார்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு மரணம். மச்சானோடு சின்ன வயதில் படித்தவர். மச்சானும் குழி வெட்டப் போனார். குழி வெட்டுகிறவர்களுக்குப் போத்தல் கொடுப்பதும் வழமைதான். ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். அந்த ஒன்றோடு வந்திருந்தால் அது ஒரு கிளாஸ். ஆனால் சத்தியம் உடைந்துவிட்டது. உடைந்த பிறகு எதைக் காப்பாற்றுவது? ராத்திரி அவரைத் தூக்கி வந்தார்கள்.

இது எதுவும் தெரியாமல் மறுநாள் காலை நான் ஆலோசனை நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். மச்சான் வரவில்லை. அக்காவுக்கு எடுத்துக் கேட்டேன். கேட்டதை அறைக்குள் போய் ஆலோசகரிடம் சொன்னேன், கற்பூரத்தையும் மறைக்கவில்லை.

"யார் ஏற்பாடு செய்தது?"

"நாங்கள்தான்."

"சரி" என்றார். அந்தச் 'சரி'யில் குற்றச்சாட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவர் மேசையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் கோடு கிழிக்கத் தொடங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அவரைத் திரும்பக் கூட்டி வருவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"பத்து."

"முடியும் என்ற நம்பிக்கை?"

"நாலு."

"ஏன் இரண்டு இல்லை?"

தந்திரம் தெரிந்திருந்தும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மச்சான் இந்த அறையில் ஒரு தடவையும் பொய் சொல்லவில்லை என்றேன். நீங்கள் என்னைத் திட்டினால் சிரிக்கிறார் என்றேன். பதினேழு நாள் இருந்தார், அது முன்னே எப்போதும் நடக்கவில்லை என்றேன். சொல்லச் சொல்ல, பிற்பகல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று தோன்றியது. போனேன்.

ஹேவாஹெட்டயில் மழை. லயத்துப் பின்கதவுப் படியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். காலையில் ஊற்றியிருந்தார், பேச முடியாத அளவுக்கு இல்லை. அக்கா குசினிக்குள் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த? சாமிக்குக் குடுத்த வாக்கே போச்சு. இனி மிஸ் மொகத்துல எப்படி முழிக்கிறது?"

என் வாய் நுனிவரை ஒரு பிரசங்கம் வந்தது. சாவி, பெயர் வெட்டு, ஐம்பத்திரெண்டு. அதை விழுங்கிவிட்டு, "பதினேழு நாள் குடிக்காம இருந்தீங்களே, எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

சந்தேகமாகப் பார்த்தார். "மிஸ் சொல்லிக் குடுத்து அனுப்புச்சா?"

"சொல்லித் தரல. பாத்துப் படிச்சது."

"பதினேழா?"

"எண்ணிப் பாருங்க."

விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்த பிறகு குரல் மாறியது. "அஞ்சு மணிக்குத்தான் கஷ்டம். அந்த நேரத்துக்கு உங்கக்கா பெரிய சட்டில சுடுதண்ணி வச்சுக் குடுப்பா. முதுகுல ஊத்துவேன். பாதி எளகிரும். பொறகு கடப் பக்கம் போறதில்ல, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சுத்திப் போவேன். அந்த வழில சாராயம் விக்கிற வீடு இல்ல."

உள்ளேயிருந்து அக்கா, "வச்சுக் குடுத்தேன்ல? அப்பறம் எதுக்குக் குழி வெட்டப் போனீங்க?"

"செத்தவனுக்கு யாரு வெட்டுறது? நீ வெட்டுவியா?"

"வெட்டுங்க, யாரு வேணான்னா. மண்ண வெட்டுறதுக்கு வாய எதுக்குத் தொறக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானும் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இன்னொரு சாவு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது எனக்குச் சுலபமாக இல்லை.

"வெட்டுவேன். போகாம இருக்க ஏலாது. வெட்டி முடிச்சதும் மம்பட்டிய வச்சிட்டு நேரா இங்க வந்துருவேன். அவங்க போத்தல எடுக்குறதுக்கு முந்தி."

குசினிச் சத்தம் நின்றிருந்தது.

மறுபடியும் டொக்டர், மறுபடியும் மாத்திரை. அடுத்த புதன் மச்சான் கதிரையில் உட்கார்ந்த உடனேயே, ஆலோசகர் கேட்பதற்கு முன், தானாகச் சொன்னார். "மிஸ், சூடம் அடிச்சா ஒரு கிளாஸும் ஒன்னுதான், ஒரு போத்தலும் ஒன்னுதான். அதுல ஒருக்கா தோத்தா முழுக்கத் தோத்த மாதிரி. இனி சூடம் வேணாம். யாரு கேட்டாலும் அடிக்க மாட்டேன்."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஆலோசகர், "அப்படியானால் வேறு எப்படி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதிலாக அந்தச் சுடுதண்ணியும் பள்ளிக்கூடத்துப் பின்வழியும் மம்பட்டியும் வந்தன. எல்லாம் அவருடையவை. ஆலோசகர் அவற்றோடு எதையும் சேர்க்கவில்லை.

பிறகொரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. பார்களெல்லாம் பூட்டியிருக்கும் நாளில்தான் தோட்டத்தில் எந்த வீட்டில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அன்று ஒரு தடவை விழுந்தார். இரண்டு கிளாஸ், அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நிறுத்திவிட்டு வந்தது வாழ்க்கையிலேயே முதல் தடவை என்று புதன்கிழமை அதிசயத்தோடு சொன்னார். அக்காவுக்கு அது அதிசயமாகப் படவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அஞ்சு மணிக்குச் சுடுதண்ணி வைத்தாள்.

மூன்று மாதத் தவணை முடிந்த அன்று துரையின் கந்தோர் அறைக்கு நாங்கள் மூவரும் போனோம். துரை சிங்களவர், நாற்பது வயதுக்குள், மரியாதையான மனிதர். வேலை வாங்குமளவுக்குத் தமிழ் தெரியும். நீண்ட பேச்சுக்கு என்னைப் பார்த்தார். மேசைமேல் தமிழில் தட்டச்சு செய்த கடதாசி ஒன்று தயாராக இருந்தது. இனி ஒருபோதும் மது அருந்த மாட்டேன், அருந்தினால் எதிர்ப்பின்றி வேலையிலிருந்து விலகுகிறேன். கீழே கையெழுத்துக்குக் கோடு. கடதாசிக்குப் பக்கத்தில் சாவி.

மச்சான் கடதாசியை எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்ப மேசையில் வைத்தார்.

"தொர, இதுல கையெழுத்து வைக்க மாட்டேன்."

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இனி எப்பவுமே குடிக்க மாட்டேன்னு சொல்ல எனக்குத் தெரியல. மிஸ்கிட்டப் போக ஆரம்பிச்ச பொறகு ரெண்டு தரம் விழுந்தேன். கடைசியா விழுந்து இருபத்தெட்டு நாளாச்சு. இன்னைக்குக் குடிக்க மாட்டேன், அது தெரியும். நாளைக்குக் காலைல சாவி வாங்க வாறப்ப டீ மேக்கர் ஐயா என் கையப் பாக்கட்டும், வாய மோந்து பாக்கட்டும். ஆடினா, வாடை அடிச்சா சாவி தர வேணாம். தெனமும் பாக்கட்டும். அந்த மடுவத்துல நிக்கிற புள்ளைகளுக்காகக் கேக்குறேன்."

டீ மேக்கர் என்பவர் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் உத்தியோகத்தர். காலையில் சாவிகள் அவர் கையிலிருந்துதான் போகும்.

துரை என் பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் எனக்கு நேரம் அதிகமிருக்கவில்லை. என் மனதில் வெட்டிய பிரதி தயாராக இருந்தது: இருபத்தெட்டு நாளாகக் குடிக்கவில்லை, தினமும் பரிசோதனைக்குத் தயார். 'தெரியல' என்பதையும் 'ரெண்டு தரம் விழுந்தேன்' என்பதையும் எடுத்துவிட்டால் போதும். துரையின் தமிழ் பாதியைத்தான் பிடித்திருக்கும். மேசையில் சாவி கிடந்தது. அக்காவின் விரல்கள் என் கையில் அழுந்தின. வெட்டச் சொல்கிறாள் என்பது தெரிந்தது.

முழுவதையும் சொன்னேன். அவர் சொன்ன ஒழுங்கிலேயே, விழுந்த இரண்டு தடவைகளையும் தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன்.

துரை கையெழுத்தில்லாத கடதாசியை மடித்தார். பிறகு சாவியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"கையெழுத்து வைத்திருந்தால் இன்றே தந்திருப்பேன். நீங்களே தெரியாது என்கிறீர்கள், பிறகு நான் எப்படித் தருவது?" நிறுத்தினார். "சரி. ஒரு மாதம். லொறியைக் கழுவுங்கள், கிரீஸ் போடுங்கள், லோட் ஏற்றி இறக்குங்கள். ஓட்டக் கூடாது. காலை ஆறு மணிக்கு டீ மேக்கர் கையைப் பார்ப்பார். முப்பது காலை சரியாக இருந்தால் சாவியைப் பற்றிப் பேசலாம்."

"சரிங்க தொர" என்றார் மச்சான்.

வெளியே வந்து தேயிலைச் சரிவுக்குள் இறங்கும் பாதைக்கு வரும்வரை அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். அங்கே நின்றாள்.

"கையெழுத்தப் போட்டிருந்தா இந்நேரம் சாவி கையில. தொரையும் எழுதி வச்சிருந்தான், நீங்களும் பேனாவப் புடிச்சிருக்கலாம். இவன் வேற, ஒன்னு விடாம ஒப்பிச்சிட்டான்."

"கெடச்சிருக்கும்" என்றார் மச்சான். "அடுத்த சாவு வீடு வாற வரைக்கும் இருந்திருக்கும்."

"இருபத்திரண்டு வருசம் ஓட்டின ஆளக் கழுவச் சொல்றான்."

"கழுவுறேன். அது என் லொறி. வேற எவனும் ஒழுங்காக் கழுவ மாட்டான்."

பிறகு என்னைப் பார்த்து, "புதன்கெழமைக்குப் பத்து மணின்னு மிஸ்கிட்டச் சொல்லு. லீவு கேட்டு வாங்கிர்றேன்" என்றார். தவணை முடிந்ததும் கண்டிக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இதை எழுதும்போது பத்தொன்பது காலைகள் முடிந்திருக்கின்றன. ஆறு மணிக்கு முன்பே தொழிற்சாலை வாசலில் போய் நிற்கிறாராம். முதல் இரண்டு மூன்று நாள் டீ மேக்கருக்குத்தான் கூச்சம். தன்னை விட மூத்த ஆளின் வாயை எப்படி மோந்து பார்ப்பது? பேருக்குப் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பப் பார்த்திருக்கிறார். மச்சான் நகரவில்லை. "நல்லாப் பாருங்க ஐயா, இது வெளையாட்டில்ல" என்றிருக்கிறார்.

பதினோராம் நாள் காலை இயந்திரம் ஏதோ பழுதாகி, டீ மேக்கர் இவரை மறந்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். மச்சான் வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கிறார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், கொழுந்து வாட்டும் தட்டுகளையும் உருட்டும் இயந்திரங்களையும் தாண்டித் தேடி, அந்த மனிதர் எண்ணெய்க் கையோடு நின்ற இடத்தில் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறார்.

"ஐயா, இன்னைக்கு இன்னும் பாக்கல."